ஸ்கெட்ச் நோட்டு தொடங்குகிறவர்களுக்கு: முதல் பக்கத்தைத் தாண்டும் வழி

வரைய ஆசைப்பட்டு நல்ல நோட்டு ஒன்றை வாங்கி, அதை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டவர்கள் நிறைய பேர். நோட்டு அழகாக இருக்கும், தாள் வெள்ளை வெளேரென்று இருக்கும், அதில் கை வைக்க மனசு வராது. பல மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் முதல் பக்கத்தில் பெயர் மட்டும்தான் இருக்கும். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. பள்ளிக்கூடத்தோடு வரைவதை விட்டவர்களும், ‘எனக்கு ஒரு கோடு கூட நேரா வராது’ என்று சொல்கிறவர்களும் இதைத் தயங்காமல் பின்பற்றலாம்.

முதலில் ஒரு தெளிவு. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற படம் வேறு, ஸ்கெட்ச் நோட்டு வேறு. கண் பார்த்ததைக் கை உடனே பதிந்து வைக்கிற குறிப்பேடு இது. ஆங்கில ஓவியர் டர்னர் விட்டுச் சென்ற ஸ்கெட்ச் நோட்டுகள் சுமார் 300, லண்டனில் டேட் காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றில் பலவும் பைக்குள் அடங்குகிற சின்ன நோட்டுகள். பல பக்கங்களில் ஒரு மலையின் விளிம்பு, ஒரு படகு, நான்கைந்து பென்சில் கோடு, அவ்வளவுதான். வானத்தையும் கடலையும் வரைந்து பேர் வாங்கிய மனிதரே தன் நோட்டில் அரைகுறையாக நிறைய விட்டிருக்கிறார் என்பது, தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்பும் செய்தி. அந்த அரைகுறைப் பக்கங்கள் அவருக்குப் பயன்பட்டன. உங்களுக்கும் பயன்படும்.

நோட்டு எது?

அளவு ஏ5 எடுத்துக்கொள்ளுங்கள். ஏ4 தாளைக் குறுக்கே சரிபாதியாக மடித்தால் வரும் அளவு அது, 14.8 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம். கைப்பையில் போகும், மடியில் வைத்தும் வரையலாம். ஏ4 பெரிதாகத் தெரிவதால் நிரப்ப வேண்டுமே என்ற பயமும் பெரிதாகும். அதைவிடச் சின்னதாக, சட்டைப் பை அளவில் வாங்கினால் எங்கும் கொண்டு போகலாம், ஆனால் கை அசைய இடம் போதாது.

தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்ற கணக்கில் அட்டையில் போட்டிருப்பார்கள். ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 வரை இருக்கும். பென்சிலுக்கும் பால்பாயின்ட் பேனாவுக்கும் 100 முதல் 120 போதும். மை பேனா, கொஞ்சம் வாட்டர் கலர் என்று போவதாக இருந்தால் 160 முதல் 200 வேண்டும். வாட்டர் கலரையே முழுதாகச் செய்கிறவர்கள் 300 தேடுவார்கள். அது விலை கூடிய தாள், இப்போதைக்கு வேண்டாம்.

விலை உயர்ந்த நோட்டை முதல் நோட்டாக வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை ரூபாய் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தால் கை கட்டிப்போகும். ஸ்டேஷனரிக் கடையில் கோடு போடாத நோட்டு என்று கேட்டாலே கொடுப்பார்கள். அதுவே நல்ல தொடக்கம். புத்தாண்டுக்குக் கடைகளும் கம்பெனிகளும் கொடுக்கிற டைரி வீட்டில் சும்மா கிடந்தால் அதுவும் சரிதான். கோடு போட்டிருந்தாலும் பரவாயில்லை. ஏற்கெனவே ஏதோ அச்சாகியிருக்கிற பக்கம் என்பதால் அதில் கை வைக்கத் தயக்கம் வராது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. நோட்டைத் திறந்தால் தட்டையாக விரிய வேண்டும். ஸ்பைரல் நோட்டை முழுக்கத் திருப்பி மடக்கலாம், நின்றபடி வரைய வசதி. நூல் தைத்த நோட்டில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாக வரையலாம். பசை மட்டும் போட்டு ஒட்டிய நோட்டு, நடுவில் அழுத்தினால் தாள் தாளாகக் கழன்று வரும். கடையிலேயே நடுப்பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

எதால் வரைவது?

ஒரு பென்சில், ஒரு பேனா. முதல் நோட்டு முடியும் வரை இவை போதும்.

பென்சிலில் எச்பி, 2பி, 4பி, 6பி என்று போகப்போக முனை மென்மையாகும், கறுப்பு கூடும். 2பி ஒன்று வாங்கினால் மெல்லிய கோடும் வரும், அழுத்தினால் நல்ல கறுப்பும் வரும். 6பி பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் நோட்டை மூடித் திறக்கும்போது எதிர்ப்பக்கத்தில் கரியாக இழுபடும். அப்படிப் படிகிற பக்கம் இருந்தால் நடுவில் ஒரு பட்டர் பேப்பர் துண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

பேனா என்றதும் ஆர்ட் பேனா எது என்று தேடப் போக வேண்டாம். சாதாரண நீல பால்பாயின்ட் பேனா வரைவதற்கு அருமையான கருவி. லேசாக ஓட்டினால் சாம்பல் மாதிரி வெளிறிய கோடு, அழுத்தினால் அடர் நீலம். இந்த ஏற்ற இறக்கம் ஜெல் பேனாவில் கிடைக்காது. பின்னால் கலர் பூசும் எண்ணம் இருந்தால் மட்டும், தண்ணீர் பட்டால் கலையாத பிக்மென்ட் மை உள்ள பேனா என்று கேட்டு வாங்குங்கள். ஜெல் பேனாவும் இங்க் பேனா மையும் பெரும்பாலும் தூரிகை பட்டதும் கரைந்து ஓடிவிடும்.

ரப்பரை வீட்டில் விட்டுவிடுங்கள், முதல் சில வாரத்துக்காவது. கையில் ரப்பர் இருந்தால் பாதி நேரம் அழிப்பதிலேயே போகும், பார்ப்பது நின்றுவிடும். கோடு தப்பாகப் போனால் அதற்குப் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். இரண்டும் இருக்கட்டும். எங்கே தவறினோம், எங்கே பிடித்தோம் என்று அந்தப் பக்கமே காட்டும், அடுத்த முறை வரையும்போது உதவும்.

வெறும் கோட்டால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்க ஆசைப்பட்டால், காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் ஓவியர் கே.எம். ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள். கறுப்புக் கோடுகளிலேயே ஒரு மனிதரின் மெலிவும் நடையின் வேகமும் பிடிபட்டிருக்கும். நம் முதல் நோட்டில் அது வராது, வரவும் வேண்டாம். ஆனால் கருவி குறைவாக இருக்கிறதே என்ற கவலை அதைப் பார்த்தால் போய்விடும்.

பக்கம் ஏன் மிரட்டுகிறது?

வெள்ளைத் தாளுக்கு முன்னால் உட்கார்ந்து உறைந்துபோகும் அந்த நிமிடத்தில் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். எதை வரைவது? எங்கே ஆரம்பிப்பது? எவ்வளவு பெரிதாக? பென்சிலா பேனாவா? நன்றாக வருமா? யாராவது பார்த்தால்? இத்தனை கேள்வியும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கின்றன. எதற்கும் பதில் இல்லாததால் கை நகரவில்லை. உங்களிடம் திறமை இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

ஆகவே, நோட்டைத் திறப்பதற்கு முன்பே பதில்களை முடிவு செய்துவிடுங்கள். எந்தப் பொருள், எந்தக் கருவி, எத்தனை நிமிடம், பக்கத்தில் எவ்வளவு இடம். ‘நாளைக்குக் காலையில், காபி டம்ளர், பால்பாயின்ட் பேனா, பத்து நிமிடம், உள்ளங்கை அளவுப் படம்.’ இப்படி முந்தின நாள் ராத்திரியே சொல்லி வைத்துக்கொண்டால் காலையில் யோசிக்க எதுவும் பாக்கி இல்லை, வரைவது மட்டும்தான். இந்தக் கட்டுரையில் இருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வரைய உட்காரும் நேரமும் எதை வரைவது என்று முடிவு செய்கிற நேரமும் தனித்தனியாக இருக்கட்டும்.

அப்புறம், வெள்ளையை உடைக்கச் சில வழிகள்.

முதல் பக்கத்தில் படம் வரையாதீர்கள். அதைக் கருவிகளுக்குக் கொடுங்கள். வீட்டில் இருக்கிற எல்லாப் பேனாவாலும் பென்சிலாலும் ஒவ்வொரு கோடு, ஒவ்வொரு சின்னக் கட்டத்தில் நிழல். பக்கத்தில் அதன் பெயர். எந்த மை பின்பக்கம் ஊறுகிறது, எது கையில் ஒட்டுகிறது என்று தெரிந்துவிடும். படம் வரையும் வேலையை மூன்றாம் பக்கத்தில் ஆரம்பியுங்கள், அல்லது நோட்டின் நடுவில். நோட்டு வரிசையாகத்தான் நிரம்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கலாம். பேனாவாலேயே, ஸ்கேல் வைக்காமல், தீப்பெட்டி அளவில் ஆறு கட்டம் போடுங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பொருள். ஒன்று மோசமாக வந்தாலும் ஐந்து மிச்சம் இருக்கும். முழுப் பக்கத்தைப் பார்த்து மிரளுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வைத்தியம் நான் பார்த்ததில்லை.

பஸ் டிக்கெட், டீத்தூள் பாக்கெட்டின் ஓரம், உலர்ந்த வேப்பிலை என்று ஏதாவது ஒன்றை ஒரு மூலையில் ஒட்டிவிட்டு, மிச்ச இடத்தில் வரையலாம். கனமான தாள் உள்ள நோட்டு என்றால் இன்னொரு வழி இருக்கிறது. சர்க்கரை, பால் சேர்க்காத ஆறின டிகாக்‌ஷனைத் தூரிகையால் நாலைந்து பக்கத்தில் பூசிக் காய வையுங்கள். பக்கம் இளம் பழுப்பு நிறமாகிவிடும், அதில் பேனாக் கோடு எடுப்பாக நிற்கும். சர்க்கரை சேர்ந்திருந்தால் பக்கம் பிசுபிசுக்கும், எறும்பும் தேடி வரும். மெல்லிய தாளில் இதைச் செய்யாதீர்கள், அப்பளமாகச் சுருங்கிவிடும்.

முதல் படம்: எவர்சில்வர் டம்ளர்

பூ, முகம், சூரிய அஸ்தமனம் எல்லாம் பிறகு. வீட்டில் இருக்கிற எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து மேஜை மேல் ஒரு கை தூரத்தில் வையுங்கள். ஜன்னல் ஒரு பக்கமாக இருக்கட்டும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், வெளிச்சம் ஒரே திசையில் இருந்து வந்தால்தான் நிழல் தெளிவாக விழும்.

உடனே வரைய வேண்டாம், ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு அளவெடுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலின் நுனியை டம்ளரின் மேல் விளிம்போடு பொருத்துங்கள். கட்டைவிரலை நகர்த்தி டம்ளரின் அடி எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்துங்கள். அது உயரம். அதே பென்சிலைப் படுக்கையாகத் திருப்பி, அந்த உயரத்துக்குள் டம்ளரின் வாய் அகலம் எத்தனை பங்கு என்று பாருங்கள். முக்கால் பங்கா, மூன்றில் இரண்டா? முழங்கை மடங்கக் கூடாது. மடங்கினால் பென்சிலுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் மாறி, அளவும் மாறிப்போகும்.

தாளில் மெல்லிதாக ஒரு நடுக்கோடு போடுங்கள். மேலும் கீழும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய் அகலத்தையும் அடி அகலத்தையும் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமாகக் குறியுங்கள். டம்ளரின் வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இனி வாய். உண்மையில் அது வட்டம், ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருந்து பார்த்தால் படுத்த நீள்வட்டம். இரண்டு முனைகளும் கூர்மையாக, மீன் மாதிரி வந்துவிடும், எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் வரும். விரலை மட்டும் அசைக்காமல் தோளில் இருந்து கை முழுவதையும் அசைத்து, பென்சில் தாளில் படாமல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, அப்படியே இறக்கி இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று கோடு விழுந்தாலும் நல்லதுதான், முனைகள் உருண்டையாக வரும்.

அடிப்பகுதியில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுவார்கள். மேஜை தட்டை, டம்ளர் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே அடி நேர்க்கோடு என்று மூளை சொல்லும். கண்ணைக் கேளுங்கள். அடியும் வளைந்துதான் தெரிகிறது, அதுவும் வாயைவிட இன்னும் உருண்டையாக. அடி உங்கள் கண் மட்டத்தில் இருந்து அதிகம் கீழே இருப்பதால் அதை நீங்கள் கூடுதலாக மேலிருந்து பார்க்கிறீர்கள். இதைச் சோதிக்க, டம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். வாய் ஒரே கோடாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், வாய் திறந்துகொண்டே போகும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் வாளி, குடம், தண்ணீர் டேங்க், ஆட்டுக்கல், கிணறு எல்லாமே வரைய வந்துவிடும்.

பக்கக் கோடுகளை இணையுங்கள். வாயில் ஒற்றைக் கோடு போதாது, தகடு வெளிப்பக்கம் சுருண்டு ஒரு சின்னத் தடிப்பு இருக்கும். அதற்கு இரண்டாவதாக ஒரு நீள்வட்டத்தை நெருக்கமாக வரையுங்கள். இந்தத் தடிப்பு வந்த உடனே காகித டம்ளராகத் தெரிந்தது எவர்சில்வர் டம்ளராக மாறும். எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷம் தருகிற இடம் இது.

கடைசியாகப் பளபளப்பு. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். சாம்பல் நிறங்கள் மங்கி, நல்ல கறுப்பும் நல்ல வெள்ளையும் மட்டும் மிஞ்சும். எவர்சில்வரில் அவை மேலிருந்து கீழே ஓடுகிற பட்டைகளாக இருக்கும், ஓரங்கள் கத்தரித்த மாதிரி சட்டென்று முடியும். தேய்த்துத் தேய்த்து மெதுவாக நிழல் கொடுத்தால் மண் டம்ளராகிவிடும். கறுப்புப் பட்டையை அழுத்திக் கறுப்பாகவே போடுங்கள், வெள்ளை இருக்கும் இடத்தில் தாளைத் தொடாமல் விடுங்கள். டம்ளரின் அடி மேஜையைத் தொடுகிற இடத்தில் மெல்லிய ஒரு கருங்கோடு இருக்கும். அதை விட்டுவிட்டால் டம்ளர் அந்தரத்தில் மிதக்கும்.

தேதி போடுங்கள். நேரம், இடமும் எழுதலாம். நோட்டை மூடிவிட்டு எழுந்து வேறு வேலையைப் பாருங்கள். அடுத்த நாள் அதே டம்ளரை டபராவில் வைத்து வரையுங்கள்.

முதல் மாதத்துக்கான பயிற்சிகள்

தாளைப் பார்க்காமல் வரைவது. உங்கள் இடது கையை மேஜை மேல் வைத்து (இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் வலது கையை), அதன் விளிம்பில் கண்ணை எறும்பு வேகத்தில் நகர்த்துங்கள். அதே வேகத்தில் பேனாவும் தாளில் நகரட்டும். முடியும் வரை தாளைப் பார்க்கவே கூடாது. வருகிற படம் கோணல்மாணலாக இருக்கும். ஆனால் விரல் மூட்டுச் சுருக்கமும் நகத்தின் ஓரமும் அதில் நீங்கள் எதிர்பார்க்காத உயிரோடு வந்திருக்கும். ‘கை இப்படித்தான் இருக்கும்’ என்று மனசில் இருக்கும் அச்சை விட்டுவிட்டு, எதிரில் இருக்கும் கையைப் பார்க்கப் பழக்குகிற பயிற்சி இது. படம் அழகாக வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பே இதில் இல்லாததால் பயமும் இருக்காது. வரையத் தோன்றாத நாளில் இதைச் செய்யுங்கள்.

இடைவெளியை வரைவது. வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி இருக்குமே, முதுகுப் பக்கம் நீள நீளமாக ஓட்டை விட்டது. நாற்காலியை வரையாமல், அந்த ஓட்டைகளையும் கால்களுக்கு நடுவே தெரிகிற தரைத் துண்டுகளையும் மட்டும் வரைந்து கறுப்பாக்குங்கள். நாற்காலி தானாக வெளியே வந்துவிடும். கால் எவ்வளவு சரிவு, கை எவ்வளவு உயரம் என்ற தலைவலியே இல்லாமல் அளவுகள் சரியாக அமையும்.

ஒரே பொருளை மூன்று விதமாக வரைவது. கத்திரிக்காய் ஒன்றை இருபது நிமிடம், ஐந்து நிமிடம், ஒரு நிமிடம் என்று ஒரே பக்கத்தில் வரையுங்கள். நீளமானதை முதலில் செய்யுங்கள். ஒரு நிமிடப் படத்துக்கு வரும்போது எது முக்கியம் என்று கைக்குத் தெரிந்திருக்கும். பெரும்பாலும் காம்பும் ஒரு வளைவும்தான் மிஞ்சும், கத்திரிக்காய்க்கு அதுவே போதும்.

பொருள் தேடி அலைய வேண்டாம். அஞ்சறைப் பெட்டி, வாசலில் விட்ட செருப்புகள், கொடியில் காயும் துணி, கிரைண்டர், சாவிக்கொத்து, தூங்குகிற நாய். பாகற்காய் நேரம் எடுக்கும், ஆனால் அதன் முள்ளும் மேடும் பேனாவுக்கு நல்ல தீனி. ஒரு பட்டியலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டே வாருங்கள். எதை வரைவது என்ற கேள்வி வரும் நாளில் அதைப் பார்த்து, கண்ணில் முதலில் பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மொபைல் போட்டோவைப் பார்த்து வரைவது பற்றிக் கேட்பவர்கள் உண்டு. தவறில்லை. ஆனால் முப்பரிமாணப் பொருளைத் தட்டையாக்கும் வேலையைக் கேமரா ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. உங்கள் கண்ணுக்குப் பழக வேண்டிய வேலையே அதுதான். முதல் மாதம் நேரில் இருப்பதை மட்டும் வரையுங்கள்.

வீட்டுக்கு வெளியே

வெளியே வரைவதற்கு, முதலில் அசையாத மனிதர்களிடம் போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போகலாம். பென்சில் மட்டும் எடுத்துப் போங்கள், மை, கலர் வேண்டாம், காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மாமல்லபுரம் போனால் பெரிய பாறைச் சிற்பம் முழுவதையும் வரைய முயலாமல், அதில் பின்னங்காலில் நின்று தவம் செய்கிற பூனையை மட்டும் வரையுங்கள். சுற்றி எலிகளும் இருக்கும். ஆனந்த விகடனில் வந்த கோயில் சிற்ப ஓவியங்களுக்காக ஓவியர் சில்பி ஊர் ஊராகப் போய், சிலைக்கு எதிரில் உட்கார்ந்துதான் வரைந்தார். அப்படி உட்கார்ந்து பார்க்கும்போது கல்லில் இருக்கும் இடுப்பு வளைவும் விரல் மடிப்பும் போட்டோவில் தெரிவதைவிட எவ்வளவு நுட்பம் என்று உங்களுக்கே புரியும்.

கோபுரம் வரைய எல்லோருக்கும் ஆசை வரும். கலசத்தில் இருந்து ஆரம்பித்தால் பாதியில் தாள் முடிந்துவிடும். முதலில் மேலே குறுகிப் போகிற வெளிவடிவத்தை மட்டும் போடுங்கள், நிலைகளைக் குறுக்குக் கோடுகளாகப் பிரியுங்கள், மேலே போகப்போக ஒவ்வொரு நிலையின் உயரமும் குறைவதைக் கவனியுங்கள். சுதைச் சிற்பங்களை வெளிச்சம், நிழல் புள்ளிகளாக மட்டும் வையுங்கள். ஒரே ஒரு மூலையில் நாலைந்து உருவத்தைத் தெளிவாக வரைந்தால் மற்ற இடத்தைப் பார்க்கிறவரின் கண் தானே நிரப்பிக்கொள்ளும்.

பிறகு, அசைகிற மனிதர்கள். பஸ் ஸ்டாண்டும் ரயில் பெட்டியும் நல்ல இடங்கள். காத்திருக்கிறவர் அரை நிமிடம் ஒரே மாதிரி நிற்பார். அந்த அரை நிமிடத்தில் முகத்தைத் தொடாதீர்கள். தலை ஒரு முட்டை, தோள் சரிவு ஒரு கோடு, எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதற்கு இன்னொரு கோடு, தொங்கும் பை. அவர் நகர்ந்துவிட்டால் விட்டுவிட்டு அடுத்தவரை ஆரம்பியுங்கள். மனிதர்கள் திரும்பத் திரும்ப ஒரே நிலைக்கு வருவார்கள், டீ மாஸ்டர் கை தூக்குவதும் பூக்காரம்மா குனிந்து தொடுப்பதும் சுற்றிச் சுற்றி வரும். விட்ட படத்தை அப்போது தொடரலாம்.

நம் ஊரில் வரைய உட்கார்ந்தால் கூட்டம் சேரும், இது நிச்சயம். பின்னால் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்து உட்காருங்கள், தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பது குறையும். குழந்தைகள் வந்து ‘என்னை வரைங்கண்ணா’, ‘அக்கா, எனக்கு ஒரு பொம்மை’ என்பார்கள். அவர்கள் கையில் பென்சிலையும் ஒரு பக்கத்தையும் கொடுத்துப் பாருங்கள், தயங்காமல் கோடு போடுவது எப்படி என்று அங்கே கற்றுக்கொள்ளலாம். நீங்கள் வரைகிறவர் கவனித்துவிட்டால் சிரித்துவிட்டு நோட்டைக் காட்டுங்கள். முகம் சுளித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ராணுவ வளாகம், துறைமுகம், விமான நிலையம் பக்கம் நோட்டைத் திறக்காமல் இருப்பது நல்லது.

தனியாக வெளியே உட்காரக் கூச்சமாக இருந்தால் துணை தேடுங்கள். இடத்துக்கே போய் வரைகிறவர்களுக்காக, சியாட்டில் நகரப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் இப்போது உலகம் முழுக்க இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒரு குழு இருந்தால் சேர்ந்துகொள்ளலாம். இல்லையென்றால் ஒரு நண்பர் போதும். இரண்டு பேராக உட்கார்ந்தாலே கூச்சம் பாதியாகும்.

கலர் எப்போது?

அவசரம் இல்லை. நோட்டில் பாதி முடிந்த பிறகு, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் 12 வில்லை வாட்டர் கலர் பெட்டியும் ஒரு நடுத்தரத் தூரிகையும் வாங்குங்கள். கோடு வரைந்த படத்தில் நிழல் விழும் பகுதிக்கு மட்டும் ஒரே ஒரு நிறத்தை, தண்ணீர் அதிகம் சேர்த்துப் பூசிப் பாருங்கள். வெளியே கலர் எடுத்துப் போக முடியாத நாளில், நிறத்தை வார்த்தையாக எழுதுங்கள்: ‘சுவர் – வெளிறிய காவி, கதவு – பழைய ராமர் பச்சை, நிழல் – ஊதா கலந்த சாம்பல்’. வீட்டுக்கு வந்து பூசும்போது போட்டோவைவிட அந்தக் குறிப்பு உதவும்.

பிடிக்காத பக்கமும் விட்டுப்போன வாரமும்

பக்கத்தைக் கிழிக்காதீர்கள். நூல் தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாளும் மறுபக்கத்தில் கழன்றுவிடும் என்பது ஒரு காரணம். கிழிக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு படத்துக்கும் பரீட்சை வைக்கத் தொடங்கிவிடுவோம் என்பது பெரிய காரணம். பிடிக்காத படத்தின் ஓரத்தில் என்ன பிடிக்கவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள், ‘கைப்பிடி ரொம்பப் பெரிசு’, ‘நிழல் எதிர்ப்பக்கம் போட்டுட்டேன்’ என்று. மோசம் என்று மட்டும் எழுதினால் பயனில்லை. பார்க்கவே முடியவில்லை என்றால் அதன் மேல் ஒரு தாளை ஒட்டி அதில் வரையுங்கள்.

படங்களை யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் நோட்டை யாருக்கும் காட்டாமல் முடிப்பது நல்லது என்றே நினைக்கிறேன். இன்ஸ்டாகிராமில் போடுவதற்கென்று வரைய ஆரம்பித்தால், எது நன்றாக வருமோ அதையே திரும்பத் திரும்ப வரைவோம். வராததைத் தொடவே மாட்டோம். வீட்டில் யாராவது ‘இது யாரு, தாத்தாவா?’ என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போங்கள்.

வாரக்கணக்கில் விட்டுப்போவது எல்லோருக்கும் நடக்கும். பரீட்சை வரும், வீட்டில் கல்யாணம் வரும், உடம்புக்கு முடியாமல் போகும். திரும்பி வரும்போது விட்ட நாட்களை ஈடு கட்ட நினைக்காதீர்கள். தேதியைப் போட்டு, ஒரு கட்டம் போட்டு, கையில் கிடைத்த எலுமிச்சம்பழத்தை வரையுங்கள். நோட்டும் பேனாவும் கண்ணில் படுகிற இடத்தில், சாப்பாட்டு மேஜையிலோ ஹேண்ட்பேகிலோ எப்போதும் ஒன்றாக இருக்கட்டும். பேனாவை நோட்டோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்தால், பேனா தேடப் போய் வேறு வேலையில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

நோட்டில் பத்துப் பக்கம் மிச்சம் இருக்கும்போதே அடுத்த நோட்டை வாங்கிவிடுங்கள். அதன் முதல் பக்கத்தில் பேனாக்களைச் சோதித்து, மூன்றாம் பக்கத்தில் கட்டங்களைப் போட்டு வைத்துவிடுங்கள். பழைய நோட்டின் முதுகில் தொடங்கிய மாதம், முடிந்த மாதம் எழுதி ஒட்டி, ஈரம் படாத அலமாரியில் நிறுத்தி வையுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் பக்கத்தில் போட்டால் போதும், புது ஷூ பெட்டியில் வருமே, அதுதான்.